வெளியூரில் மெடிக்கல் ரெப் வேலைக்கு இன்டர்வியூ: அடிக்கடி வரும் கேள்விகள்

திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கமிருந்து கோயம்புத்தூர் ஹெச்.க்யூ.வுக்கு மெடிக்கல் ரெப் வேலை கேட்டுப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. மெடிக்கல் ரெப் என்றால் மருந்துக் கம்பெனி சார்பில் டாக்டர்களைப் பார்த்து அதன் மருந்துகளை எழுதக் கேட்பவர். இந்தத் தொழிலில் ஹெச்.க்யூ. என்றால் ரெப் தங்கியிருந்து வேலை பார்க்க வேண்டிய ஊர். உதாரணங்களைக் கோவையிலிருந்தே எடுத்திருக்கிறேன். வேறு ஊருக்குப் போகிறவர்கள் ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளூரில் ஆள் கிடைக்கும்போது வெளியூர்க்காரரை ஏன் எடுக்கப்போகிறார்கள்?

எடுக்கிறார்கள். ஆனால் பயந்து பயந்துதான் எடுக்கிறார்கள். அந்தப் பயம் என்னவென்று தெரிந்துகொண்டால் இன்டர்வியூவில் பாதி வேலை முடிந்தது.

ஏரியா மேனேஜரின் இடத்திலிருந்து பாருங்கள். புது ரெப் சேர்ந்ததும் மும்பையிலோ அகமதாபாத்திலோ டிரெயினிங். திரும்பி வந்தால் டாக்டர்கள் முகம் பார்க்கவே ஒரு மாதம் ஓடிவிடும். மூன்றாவது, நான்காவது விசிட்டில்தான் டாக்டருக்குக் கம்பெனிப் பெயர் ஞாபகத்தில் நிற்கும். அதற்கப்புறம் மெதுவாக மருந்து எழுத ஆரம்பிப்பார். சரியாக அந்த நேரத்தில் தீபாவளி வரும். வெளியூர்ப் பையன் ஊருக்குப் போவான், அங்கிருந்தே போன் வரும்: "சார், வீட்டுல வேண்டாங்கறாங்க." கொஞ்சகாலம் ஆள் எடுத்த எந்த மேனேஜரும் இந்தப் போனை வாங்கியிருப்பார்.

அவன் போய்விட்டால் ஹெச்.க்யூ. காலி. எழுதிக்கொண்டிருந்த டாக்டர் வேறு பிராண்டுக்குப் போய்விடுவார். கம்பெனியிடம் வாங்கிக் கடைகளுக்கு விற்கும் ஸ்டாக்கிஸ்டிடம் கிடக்கும் சரக்கு எக்ஸ்பயரியை நெருங்கும். டார்கெட் மட்டும் குறையாது, அது மேனேஜர் தலையில் வந்து விழும். ஆகவே அவர் என்ன கேள்வி கேட்டாலும் அதற்குள்ளே இருப்பது ஒரே சந்தேகம்தான்: இந்த ஆள் நிற்பாரா?

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது உங்களுக்குச் சாதகமானது. பல வருடம் அனுபவமுள்ள உள்ளூர் ரெப்களில் சிலர் அதே டாக்டர் லிஸ்ட்டைக் கம்பெனி கம்பெனியாகத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள். இன்னும் சிலருக்குச் சொந்தமாக ஒரு சைடு பிசினஸ் ஓடும், மத்தியானத்துக்கு மேல் ஃபீல்டில் பார்க்க முடியாது. வெளியூரிலிருந்து வந்து ரூமில் தங்கியிருப்பவனுக்கு அங்கே வேலையைத் தவிர வேறு ஜோலி இல்லை. சில மேனேஜர்கள் இதை வெளியே சொல்லாமலே வெளியூர் ஆளைத் தேடுவார்கள்.

ரெஸ்யூமேயில் கோவை முகவரி போட்டுவிட்டால் என்ன?

போடாதீர்கள். அத்தை வீட்டு முகவரியைப் போட்டுவிட்டு, ஆதாரிலும் லைசென்ஸிலும் பாளையங்கோட்டை என்று இருந்தால் முதல் சுற்றிலேயே பேச்சு வேறு பக்கம் போய்விடும். நீங்கள் வெளியூர் என்பதற்காக வராத சந்தேகம், மறைத்தீர்கள் என்பதற்காக வரும்.

அதற்குப் பதில் உங்கள் உண்மை முகவரிக்குக் கீழேயே ஒரு வரி சேருங்கள்: கோயம்புத்தூர் ஹெச்.க்யூ.வில் தங்கி வேலை செய்யத் தயார், இத்தனை நாளில் சேர முடியும். இந்த வரி இல்லாத வெளியூர் ரெஸ்யூமேக்கள் ஓரத்தில்தான் கிடக்கும். யாரும் போன் போட்டு "வருவீர்களா" என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

முதலில் போனில்தான் பேசுகிறார்கள். அதில் என்ன பார்ப்பார்கள்?

அந்தப் போன் பெரும்பாலும் இரண்டு டாக்டர் விசிட்டுக்கு நடுவே, பைக்கை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் போடுவது. படிப்பு, இப்போது எங்கே வேலை, என்ன சம்பளம், எப்போது சேரலாம், கோவை வருவதற்கு வீட்டில் சம்மதமா. அவ்வளவுதான். சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் சார்" என்றால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது. வீட்டில் கேட்பதை விண்ணப்பிக்கும் முன்பே முடித்துவிட வேண்டும்.

"ஏன் கோயம்புத்தூர்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

எல்லோரும் சொல்லும் பதில்: "எங்க போட்டாலும் வேலை செய்வேன் சார்." சொல்கிறவருக்கு இது உறுதியாகப் படும். கேட்கிறவர் காதில், இவருக்கு இந்த ஊரோடு ஒட்டுறவு எதுவும் இல்லை, நாளைக்கு மதுரையில் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் கிளம்பிவிடுவார் என்றுதான் விழும். கிளைமேட் பிடிக்கும், தண்ணீர் பிடிக்கும் என்பதெல்லாம் சுற்றுலா வந்தவர் பேச்சு.

நிற்கக்கூடிய பதிலில் ஒரு ஆள் இருப்பார், அல்லது ஒரு கணக்கு இருக்கும். மனைவிக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை. அக்கா சிங்காநல்லூரில் இருக்கிறார், ஒரு வருடமாக வந்து போய்க்கொண்டிருக்கிறேன். இல்லையென்றால் தொழில் காரணம்: இப்போது பார்க்கும் ஏரியாவில் என் டிவிஷனுக்கு, அதாவது நான் விற்கும் மருந்துப் பிரிவுக்கு ஏற்ற ஸ்பெஷலிஸ்டுகள் குறைவு, கோவையில் அந்தத் துறைக்கே பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, நாலு வருடத்தில் மேனேஜர் ஆக வேண்டுமென்றால் இப்படி ஒரு மார்க்கெட்டில் வேலை செய்திருக்க வேண்டும். காரணம் உண்மையாக இருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த கேள்விகள் அதைத் தோண்டும்: அப்பா அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள்? சொந்த ஊரில் வீடு கட்டுகிறீர்களா? எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊருக்குப் போவீர்கள்?

கடைசிக் கேள்விக்கு "போகவே மாட்டேன் சார்" என்று வீரம் பேச வேண்டாம். மாதம் ஒருமுறை சனிக்கிழமை வேலை முடித்து ராத்திரி ரயில், திங்கள் காலையில் ஃபீல்டில் இருப்பேன் என்றால் நம்புவார்கள். நெல்லைக்காரர்கள் ஊர்க்கோயில் திருவிழாவான ஊர்க்கொடைக்கு லீவு கேட்பார்கள் என்பது கோவை மேனேஜர்களுக்கும் தெரிந்த விஷயம். அதை நீங்களே முன்கூட்டிச் சொல்லி, எந்த மாதம் வரும் என்றும் சொல்லிவிட்டால் சிரித்துவிடுவார்கள்.

உண்மையிலேயே ஒரு வருடத்தில் ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், நெல்லை ஹெச்.க்யூ. காலியாகும்வரை காத்திருப்பதே இரண்டு பேருக்கும் நல்லது.

கோவையில் ஒரு டாக்டரையும் தெரியாது. இதை எப்படிச் சமாளிப்பது?

டாக்டர்களைத் தெரியும் என்று பொய் சொல்லாமல், ஏரியாவைத் தெரிந்துகொண்டு போய்ச் சமாளிக்கலாம். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் காலையிலேயே கோவையில் இறங்கிவிடுங்கள். ரயிலில் வந்தால் ஜங்ஷன், பஸ்ஸில் வந்தால் சிங்காநல்லூர். பகல் முழுக்க உங்கள் கையில்.

வெளியூர்க்காரர்கள் முதலில் ஓடுவது அவிநாசி ரோட்டில் இருக்கும் கே.எம்.சி.ஹெச்., பீளமேடு பி.எஸ்.ஜி. மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு. வெளியே நின்று பார்ப்பதால் அங்கே ஒன்றும் தெரியாது. அந்த மாதிரி இடங்களில் எந்த மருந்து உள்ளே வரலாம் என்பதை முடிவுசெய்யவே தனி ஆட்கள் இருப்பார்கள், ரெப் பார்ப்பதற்கும் கட்டுப்பாடு இருக்கும். சாதாரண ஜெனரல் டிவிஷன் ரெப்புக்குச் சோறு போடுவது ஆர்.எஸ். புரம், ராம் நகர், சாய்பாபா காலனி கிளினிக்குகளும், கணபதி, சிங்காநல்லூர், குனியமுத்தூர் பக்கத்து ஜி.பி. என்கிற பொது மருத்துவர்களும்தான். அந்தத் தெருக்களில் நடங்கள். போர்டில் இருக்கும் பெயர், படிப்பு, பார்க்கும் நேரத்தை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். யாருக்குக் காலையில் கூட்டம், யார் சாயங்காலம் மட்டும் பார்க்கிறார் என்று ஒரே நாளில் ஓரளவு பிடிபட்டுவிடும்.

அப்புறம் மருந்துக்கடை. கிளினிக்கை ஒட்டியே ஒரு கடை இருக்கும். கூட்டம் குறையட்டும், ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுங்கள்: "அண்ணா, நான் திருநெல்வேலி. ரெப் வேலைக்கு நாளைக்கு இன்டர்வியூ. இந்தக் கம்பெனி மருந்து இங்கே ஓடுதுங்களா?" வேலை தேடி வந்தவன் என்று தெரிந்தால் கோவைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் விரட்ட மாட்டார்கள். எந்த பிராண்டு போகிறது, போட்டியாக எது நிற்கிறது, யார் எழுதுகிறார், கம்பெனி ரெப் கடைசியாக எப்போது வந்தார் என்று நாலு கேள்வி கேட்டால் போதும். "அந்தக் கம்பெனி ரெப் வந்து நாலு மாசம் ஆச்சுங்க, எக்ஸ்பயரி ஆன சரக்கைத் திரும்ப எடுக்கவே ஆள் வரல" என்று ஒருவர் சொல்லிவிட்டால், நாளைக்கு இன்டர்வியூவில் பேச உங்களுக்கு வேறெதுவும் வேண்டாம்.

சாயங்காலம் கிளினிக் திறக்கும் முன் பேக்கரிக்குப் போங்கள். கோவையில் டீக்கடைக்குப் பதில் பேக்கரிதான் எங்கும். பையோடு நாலு ரெப்கள் நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். போட்டிக் கம்பெனி ஆட்களாக இருந்தாலும் எந்த மேனேஜர் எப்படி, எந்த ஹெச்.க்யூ. ஏன் காலி என்பதை ஒளிக்காமல் சொல்வார்கள். தமிழ்நாடு மருந்து மற்றும் விற்பனைப் பிரதிநிதிகள் சங்கத்தில் உங்கள் ஊரில் யாரையாவது தெரிந்திருந்தால், கோவையில் இருப்பவர் நம்பரை வாங்கிக்கொண்டு போவது இன்னும் சுலபம்.

இரண்டு விஷயம் செய்யாதீர்கள். சேராத கம்பெனியின் பெயரைச் சொல்லி டாக்டரைப் பார்க்கப் போகாதீர்கள். கடைக்கு வரும் பிரிஸ்கிரிப்ஷனை போட்டோ எடுக்காதீர்கள், அதில் நோயாளியின் பெயர் இருக்கிறது.

திரட்டியதை இன்டர்வியூவில் எப்படிக் காட்டுவது?

ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் எந்தப் பக்கம், சாயங்காலம் எந்தப் பக்கம், வெளியூர் நாட்கள் எவை. பொள்ளாச்சிக்கு உக்கடத்தில் பஸ் ஏற வேண்டும், மேட்டுப்பாளையத்துக்கு மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில், திருப்பூருக்குக் காந்திபுரத்தில் என்பதெல்லாம் சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் வெளியூர்க்காரர் வாயிலிருந்து இது வரும்போது மேனேஜர் நிமிர்ந்து உட்காருவார்.

உள்ளே போனதும் தாளை நீட்ட வேண்டாம். "நாளைக்குக் காலையில உங்களை உக்கடத்துல இறக்கிவிட்டா என்ன செய்வீங்க?" என்ற மாதிரி ஒரு கேள்வி கட்டாயம் வரும். அப்போது எடுங்கள். நேற்று பார்த்தது இவ்வளவு, பார்க்காதது இவ்வளவு என்று பிரித்தே சொல்லுங்கள். ஒருநாள் சுற்றிவிட்டு மொத்தக் கோவையும் தெரியும் என்கிற தோரணை வேண்டாம். எதிரே இருப்பவர் அங்கேயே தேய்ந்தவர்.

இப்போது வேறு கம்பெனியில் ரெப். பழைய ஏரியாவின் விற்பனை நம்பர் இங்கே செல்லுமா?

செல்லும். டாக்டர்கள்தான் வேறு, வேலை செய்யும் விதம் ஒன்றுதானே. ஆனால் "நல்லா பண்ணினேன் சார்" என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏரியாவை எடுக்கும்போது மாத விற்பனை எவ்வளவு, இப்போது எவ்வளவு, லிஸ்ட்டில் எத்தனை டாக்டர், அதில் எத்தனை பேரை மாதம் இரண்டு தடவைக்கு மேல் பார்த்தீர்கள், எந்த பிராண்டு வளர்ந்தது, ஏன். கம்பெனி ஸ்டாக்கிஸ்டுக்கு அனுப்பிய பில்லைச் சொல்கிறீர்களா, ஸ்டாக்கிஸ்டிடமிருந்து கடைக்குப் போனதை, அதாவது செகண்டரியைச் சொல்கிறீர்களா என்பதைத் தெளிவுபடுத்துங்கள். மாதக் கடைசியில் ஸ்டாக்கிஸ்ட் தலையில் சரக்கைக் கட்டி டார்கெட் முடிப்பவர்களை எல்லோருக்கும் தெரியும். "செகண்டரி இவ்வளவு, மாதக் கடைசியில் ஸ்டாக்கிஸ்டிடம் மிச்சமிருந்த குளோசிங் ஸ்டாக் இவ்வளவு" என்று நீங்களே சேர்த்துச் சொன்னால் அந்தச் சந்தேகம் எழாது.

நம்பரைப் பெருக்காதீர்கள். நெல்லை கோவையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கலாம், மேனேஜருக்கு வண்ணாரப்பேட்டை ஸ்டாக்கிஸ்டைப் பிடிக்க ஒரு போன் போதும். அதேபோல் பழைய கம்பெனியின் விற்பனை ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டாதீர்கள். இன்றைக்கு அவர்களுடையதைக் காட்டுகிறவர் நாளைக்கு நம்முடையதைக் காட்டுவார் என்றுதான் தோன்றும்.

கொங்குத் தமிழ் பேச வேண்டுமா?

வேண்டாம். இல்லாத "ங்கோ"வைச் சேர்த்துப் பேசினால் கேலியாகிவிடும். உங்கள் தமிழையே கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். "டாக்டர் வந்தாவ" என்று ஒருமுறை வாயில் வந்தால்கூடக் குடி முழுகாது. "நீங்க திருநெல்வேலிங்களா?" என்று கேட்டுத்தான் பாதி மருந்துக்கடைகளில் பேச்சே ஆரம்பிக்கும். அவர்கள் உங்களை மறக்காமல் இருக்க அதுவும் ஒரு வழி.

ஊர்ப் பாசத்தில் மேனேஜருக்கு அல்வா பொட்டலம் வாங்கிப் போகாதீர்கள். அல்வா கொடுக்கப்போகிறீர்களா என்பதுதான் அவருடைய பயமே.

வேறு மாநிலமென்றால்?

டாக்டரிடம் இங்கிலீஷில் சமாளித்துவிடலாம். கடைக்காரர், கிளினிக் வாசலில் டோக்கன் போடுகிறவர், ஸ்டாக்கிஸ்ட் ஆபீஸில் பில் போடுகிற பையன் ஆகியோரிடம் உள்ளூர் மொழி இல்லாமல் முடியாது. பெங்களூருக்குப் போகிறவர் கன்னடம், திருப்பதிக்குப் போகிறவர் தெலுங்கு, பேசும் அளவுக்காவது ஆரம்பித்திருக்க வேண்டும். பாலக்காடு கொஞ்சம் விதிவிலக்கு, தமிழ் அங்கே ஓடும்.

டீடெயிலிங், அதாவது டாக்டரிடம் மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வதை, செய்து காட்டச் சொல்வார்களா?

அனுபவம் உள்ளவரென்றால் நிச்சயம். இப்போது விற்கும் மருந்தில் ஒன்றைச் சொல்லி, தன்னை டாக்டராக வைத்துப் பேசு என்பார்கள். ஃபிரெஷருக்குப் பேனாவை நீட்டி விற்கச் சொல்வார்கள், அந்தப் பழைய வித்தை இன்னும் போகவில்லை. டாக்டர் கொடுப்பது ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான். ஆகவே நீளமாகப் பேசியவர் ஜெயிப்பதில்லை. யாருக்கு இந்த மருந்து, இப்போது எழுதுவதைவிட இதில் என்ன கூடுதல், என்ன விலை என்று சொல்லிவிட்டு எழுதும்படி கேட்டுவிட வேண்டும். கேட்காமல் "தேங்க் யூ டாக்டர்" சொல்லி எழுந்து வருகிறவர்கள்தான் அதிகம்.

சில கம்பெனிகள் ஒருநாள் மேனேஜருடன் ஃபீல்டுக்கு வரச் சொல்லும். அன்றைக்கு வாய் குறைவாகவும் கண் அதிகமாகவும் இருக்கட்டும். சாயங்காலம் "இன்னைக்கு என்ன பார்த்தீங்க?" என்று கேட்பார். அதுதான் அன்றைய பரீட்சை.

"டாக்டருக்கு என்ன கொடுத்து மடக்குவீங்க?" என்றே ஒருவர் கேட்டாராமே?

கேட்பார்கள். சிலர் சோதிக்கக் கேட்பார்கள், சிலர் நிஜமாகவே கேட்பார்கள். மத்திய அரசின் மருந்துத் துறை 2024 மார்ச்சில் மருந்து விற்பனைக்கு ஒரு நடத்தை விதித்தொகுப்பு கொண்டுவந்தது. டாக்டருக்கோ அவர் குடும்பத்துக்கோ பரிசு கூடாது, சொந்தச் சுற்றுலாவுக்கு டிக்கெட்டும் ஹோட்டலும் கூடாது. இலவச சாம்பிள் ஒரு மருந்துக்கு ஒரு டாக்டருக்கு வருடத்தில் 12 பேக்குக்கு மேல் கொடுக்கக் கூடாது. புத்தகம், டைரி மாதிரியான தகவல் சார்ந்த பொருள்கள் ஒன்று 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. டாக்டரைச் சந்திப்பதற்காக ரெப் பணமோ பொருளோ கொடுப்பதும் தடை.

இதைப் படித்திருக்கிறேன், இதற்குள் வேலை செய்வேன் என்று சொல்லுங்கள். கேட்டவர் முகம் சுளித்தால் அந்தக் கம்பெனியில் வேலை எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. வெளியூரில், தெரிந்தவர் யாருமில்லாத இடத்தில், அந்த மாதிரிப் பழியைச் சுமக்கப்போவது நீங்கள் ஒருவர்தான்.

சம்பளம் பேசும்போது வெளியூர்க்காரர் எதில் ஏமாறுகிறார்?

ஹெச்.க்யூ. அலவன்ஸில். ரெப்புக்குச் சம்பளம் தவிர தினப்படி உண்டு. ஹெச்.க்யூ.வுக்குள் வேலை செய்தால் ஒரு தொகை, காலையில் போய் இரவு திரும்பும் எக்ஸ்-ஹெச்.க்யூ.வுக்கு ஒரு தொகை, தங்கி வேலை செய்யும் அவுட்ஸ்டேஷனுக்கு ஒரு தொகை. வெளியூருக்கு வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு. சொந்த ஊரில் வேலை பார்க்கிறவருக்கு வீட்டுச் சாப்பாடு, வாடகை இல்லை. அதனால் தினப்படியில் கொஞ்சம் மிஞ்சும். அதே சம்பளத்தோடு வெளியூருக்குப் போனால் மிஞ்சாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், தொகைகளெல்லாம் சும்மா உதாரணத்துக்கு. கைக்கு வரும் சம்பளம் 22,000. ஹெச்.க்யூ. படி நாளுக்கு 250, 24 நாளுக்கு 6,000. ஊருக்குள் ஓட்டும் பெட்ரோலும் டீயும் பார்க்கிங்கும் அதில் 4,500 தின்றுவிடும். ரூம் வாடகையில் உங்கள் பங்கு 5,000, சாப்பாடு 6,000, ஊருக்கு ஒருமுறை போய்வர 1,500. மிச்சம் 11,000. நெல்லையில் 18,000 வாங்கினால் அதே பெட்ரோல் கணக்கில் 19,500 நிற்கும். இந்தக் கணக்கை உங்கள் நிஜ எண்களில் போட்டுவிட்டுத்தான் "எதிர்பார்ப்பு என்ன?" என்ற கேள்விக்கு வாய் திறக்க வேண்டும். மேனேஜரிடமும் இப்படியே கணக்காகச் சொல்லலாம். வாடகை கட்ட முடியாதவன் ஓடிவிடுவான் என்பது அவருக்கும் தெரியும். அதனால் வெளியூர்க்காரர் கேட்கும் இரண்டாயிரத்துக்கு ஒரு நியாயம் உண்டு.

கட்டாயம் கேட்க வேண்டியவை இன்னும் சில. டிரெயினிங் முதல் நாளிலிருந்தே சம்பளமா? முதல்முறை குடிபெயர ஏதாவது தருவார்களா? தருகிற கம்பெனி குறைவு, கேட்பதில் நஷ்டமில்லை. எக்ஸ்பென்ஸ் பணம் எந்தத் தேதியில் வரும்? பெரும்பாலும் செலவை நீங்கள் செய்து, அடுத்த மாதம் கம்பெனி தரும். முதல் இரண்டு மாதத்துக்கு வீட்டு அட்வான்ஸும் சேர்த்துக் கையில் காசு இல்லாமல் கிளம்புகிறவர்கள் கடனோடு ஆரம்பிக்கிறார்கள்.

ஹெச்.க்யூ. கோவை, நான் திருப்பூரில் மாமா வீட்டிலிருந்து வந்துபோகலாமா?

முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல கம்பெனிகளில் திருப்பூர் தனி ஹெச்.க்யூ. தினசரி ரிப்போர்ட் போடும் ஆப் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் சேர்த்தே அனுப்பும். காலை எட்டரைக்கு ஜி.ஹெச்.சில் மேனேஜர் நிற்கும்போது நீங்கள் அவிநாசி தாண்டி வந்துகொண்டிருந்தால் ஒரு வாரம் பொறுப்பார்.

நாங்கள் என்ன கேள்வி கேட்கலாம்?

முதல் கேள்வி இதுதான்: இந்த ஹெச்.க்யூ. எத்தனை மாதமாகக் காலி, முன்பு இருந்தவர் ஏன் போனார்? உள்ளூர்க்காரருக்கு இதற்குப் பதில் ஏற்கெனவே தெரியும், பேக்கரியில் கேட்டிருப்பார். அதனாலேயே சில ஹெச்.க்யூ.க்களுக்கு உள்ளூரிலிருந்து யாரும் விண்ணப்பிப்பதில்லை, உங்களுக்கு அழைப்பு வந்ததே அதனாலாக இருக்கலாம். இரண்டு வருடத்தில் மூன்று பேர் போயிருந்தால் குறை ஆட்களிடம் இல்லை.

அப்புறம் டார்கெட். காலியாக இருந்த ஏரியாவுக்குப் பழைய டார்கெட்டையே வைப்பார்களா, சில மாதம் அவகாசம் உண்டா? ஸ்டாக்கிஸ்டுகளிடம் இப்போது எவ்வளவு சரக்கு கிடக்கிறது? மூன்று மாத விற்பனைக்கான சரக்கு ஏற்கெனவே தேங்கியிருந்தால், நீங்கள் எழுத வைத்தாலும் அந்தச் சரக்கு தீரும்வரை கம்பெனி பில்லில் ஒன்றும் தெரியாது, இன்சென்டிவும் கிடையாது. வால்பாறை யாருடைய ஏரியா என்றும் கேட்டுவையுங்கள். பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி ஒரு சின்ன ஊருக்கு மாதம் ஒருநாள். சிலருக்கு அதுவே பிடிக்கும்.

பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது?

கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்று கேட்பது நின்றபாடில்லை. "இரண்டு வருடத்துக்கு இந்த ஹெச்.க்யூ.வில் வேலை செய்யும் திட்டத்தோடு வந்திருக்கிறேன்" என்று வேலைக்குத் திருப்பிவிடுங்கள், அதற்குமேல் பதில் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் கேட்க வேண்டியது அவுட்ஸ்டேஷன் எத்தனை இரவு, தங்கும் இடத்தை யார் முடிவு செய்வது, மேனேஜருடன் சேர்ந்து போகும் ஜாயிண்ட் வொர்க் நாட்களில் எப்படிப் பயணம், டீமில் வேறு பெண்கள் உண்டா. இரவு ஒன்பதரைக்குக் கிளினிக் முடியும் ஊர் அது. தங்குமிடம் கிளினிக் ஏரியாவுக்குப் பக்கத்தில் இருப்பது வாடகை குறைவதைவிட முக்கியம். பீளமேடு, காந்திபுரம் பக்கம் ஹாஸ்டல்கள் நிறைய. கதவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

போக்குவரத்துச் செலவு தருவார்களா?

ரெப் நிலையில் பெரும்பாலும் தருவதில்லை. முதல் சுற்றை வீடியோ காலில் வைக்க முடியுமா என்று கேட்கலாம். இறுதிச் சுற்றுக்கு நேரில் போங்கள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்து நேராக இன்டர்வியூ நடக்கும் ஹோட்டல் லாபிக்குள் நுழைவது மட்டும் வேண்டாம், முகமே சொல்லிவிடும்.

டெபாசிட், ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பணம் கேட்டால் அது வேலையே இல்லை. டிரெயினிங் கட்டணம், லேப்டாப் டெபாசிட், யூனிஃபார்ம் என்று என்ன பெயர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். வெளியூர்க்காரர்களைக் குறிவைத்து இது அதிகம் நடக்கிறது, ஆபீஸை நேரில் வந்து பார்க்க மாட்டீர்கள் என்ற தைரியம். ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், நகல் கொடுத்தால் போதும். தொகை எழுதாத செக்கில் கையெழுத்து கூடவே கூடாது.

ஆஃபர் லெட்டரில் என்ன பார்க்க வேண்டும்?

ஹெச்.க்யூ. என்ற இடத்தில் கோயம்புத்தூர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாயால் கோவை சொல்லி, தாளில் "தமிழ்நாடு" என்று மட்டும் போட்டு, டிரெயினிங் முடிந்ததும் தர்மபுரிக்கு அனுப்பிய கதைகள் உண்டு. இந்தியாவில் எங்கும் மாற்றலாம் என்ற வரி எல்லா லெட்டரிலும் இருக்கும், அதை எடுக்க வைக்க முடியாது. முதல் ஹெச்.க்யூ. எது என்பதை மட்டுமாவது எழுத்தில் வாங்குங்கள்.

விற்பனைப் பிரதிநிதிகளுக்கு நியமனக் கடிதம் கொடுப்பதை 1976-ஆம் ஆண்டுச் சட்டமே கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுக்குள் அது சேர்ந்துவிட்டது. அவற்றின்படியும் நியமனக் கடிதம் உண்டு. ஆகவே "முதல்ல சேருங்க, லெட்டர் அப்புறம் வரும்" என்ற பேச்சை நம்பி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். லெட்டர் கைக்கு வந்த பிறகே பழைய வேலையில் ராஜினாமா எழுதுங்கள், ரிலீவிங் லெட்டரும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். அதற்காக மறுபடி நெல்லை வரை ஓட வேண்டியிருக்கும்.

இன்டர்வியூ நன்றாகப் போனது, பதிலே இல்லை. என்ன செய்வது?

மூன்றாம் நாள் மேனேஜருக்கு ஒரு வாட்ஸ்அப் போடுங்கள்: வந்து பார்த்ததில் இந்த ஹெச்.க்யூ.வில் வேலை செய்ய விருப்பம் கூடியிருக்கிறது, இந்தத் தேதிக்குள் தெரிந்தால் நோட்டீஸ் கொடுக்க வசதியாக இருக்கும். ஒரு வாரம் கழித்து ஒரு போன். அதற்கும் பதில் இல்லையென்றால் உள்ளூர் ஆள் ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஆள் சேராமல் போய், மாதக் கடைசி வாரத்தில் திடீரென்று உங்களைக் கூப்பிடுவது சகஜம். நம்பரை மாற்றாமல் வைத்திருங்கள். சுற்றிப் பார்த்து எழுதிய அந்தத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள், கோவைக்கு ஆள் தேடும் கம்பெனி அது ஒன்று மட்டும் இல்லையே.